தொடக்கப்பள்ளியின் வருங்காலத்தை யார் முடிவு செய்வது?



இந்த நினைவுரைக்கு ஒரு சிற்றூர்த் தொடக்கப்பள்ளியின் வருங்காலத்தைப் பொருளாக எடுத்துக்கொண்டோம். மணவாளக்குறிச்சி போன்ற கடலோரப் பேரூரில் ஒரு தொடக்கப்பள்ளியின் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் மூன்று யோசனைகள் வரும்: மூடிவிடுவது, பக்கத்துப் பள்ளியோடு இணைப்பது, இருக்கிறபடியே ஓட்டுவது. எது சரி என்று பேசத் தொடங்கும் முன் நாம் கேட்க வேண்டியது வேறொன்று. முடிவெடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பது யார்? இந்த மண்ணில் நம் பிள்ளைகளின் படிப்பு இருநூறு ஆண்டுகளாக இந்தக் கேள்வியில்தான் தடுக்கி விழுந்தும் எழுந்தும் வந்திருக்கிறது.

குமரி மாவட்டத்தில் நம் மக்களுக்குப் பள்ளி தானாக வந்துவிடவில்லை. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சாம்பவர் குலத்தவர், தஞ்சாவூருக்குப் போய்த் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆனார். தம் ஊருக்கு ஒரு போதகர் வேண்டும் என்று அவர் விடாமல் கேட்டார். லண்டன் மிஷன் சங்கத்தின் ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்கு வந்ததற்குப் பின்னால் அந்தக் கேட்பு இருக்கிறது. 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது, பள்ளிகளும் தொடர்ந்தன. இந்த வரலாற்றைப் போதகரின் வருகையிலிருந்து தொடங்குவது வழக்கம். அழைத்தவரிடமிருந்து தொடங்கினால் கதை மாறுகிறது. பள்ளியைக் கேட்டு வாங்கியவர்கள் நாம்.

1817இல் ராணி கௌரி பார்வதி பாய், குடிகளின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று ஆணையிட்டார். இன்றும் பெருமையோடு சொல்லப்படும் ஆணை அது. ஆனால் அப்போது திருவிதாங்கூரில் புலையரும் பறையரும் விற்கவும் வாங்கவும்பட்ட அடிமைகள். அடிமை முறையை ஒழிக்கும் அறிவிப்பு 1855இல்தான் வந்தது. 'குடிகள்' என்ற சொல்லுக்குள் நாம் இல்லை. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் கற்றுக்கொடுத்த ரேந்தைப் பின்னலில் கிடைத்த கூலியைச் சேர்த்து, அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். பள்ளியின் பயனைத் தலை எண்ணி அளப்பவர்கள் இந்தப் பெண்களை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்துக்கு வருவோம். 1909இல் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். எரிவாயு விளக்கின் மேண்டிலுக்குத் தேவையான தோரியம் அதிலிருந்து கிடைக்கும். விரைவிலேயே ஆலை வந்தது, மணல் கப்பலேறியது. இந்தக் கரையின் மண்ணுக்கு என்ன விலை என்று உலகச் சந்தை கணக்கிட்ட அதே ஆண்டுகளில், இதே திருவிதாங்கூரில் நம் பிள்ளை பள்ளித் திண்ணையில் ஏறலாமா என்பது தீராத வழக்காக இருந்தது.

அய்யன்காளி 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். எழுதப் படிக்கத் தெரியாத அவர் எழுப்பிய முதன்மையான கோரிக்கை படிப்பு. எங்கள் பிள்ளைக்குப் பள்ளியில் இடமில்லை என்றால் உங்கள் வயலில் எங்கள் உழைப்பும் இல்லை என்று விவசாயக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு கல்வியையும் கேட்டு நடந்த அந்தப் போராட்டத்துக்கு இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் இன்னும் உரிய இடம் தரப்படவில்லை.

அரசு ஆணை போட்டது. 1910இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. ஆனால் பிள்ளையைச் சேர்ப்பதும் சேர்க்காததும் உள்ளூர்த் தலைமையாசிரியர் கையிலும், அவரைச் சுற்றியிருந்த சாதி இந்துப் பெற்றோர் கையிலும் கிடந்தது. ஆணை காகிதத்திலேயே தங்கியது. திவானின் ஆட்சியை எதிர்த்ததற்காக அதே 1910இல் நாடு கடத்தப்பட்ட பத்திரிகையாளர் சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளையே நம் பிள்ளைகளின் சேர்க்கையை எதிர்த்தார். அறிவை உழுதவர் பிள்ளையையும் வயலை உழுதவர் பிள்ளையையும் சேர்த்து உட்காரவைப்பது குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போன்றது என்பது அவர் வாதம். முற்போக்காளர் என்பதாலேயே ஒருவர் நம் பிள்ளைக்காக முடிவெடுக்கத் தகுதி பெற்றுவிடுவதில்லை.

நெய்யாற்றின்கரைப் பக்கம் ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி கைப்பிடித்து அழைத்துப் போனார். அவள் உட்கார்ந்த பள்ளியைத் தீவைத்து எரித்தார்கள். எரிந்து மிஞ்சிய ஒரு பெஞ்சு இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. 2022இல் அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் சூட்டப்பட்டன. ஒரே ஒரு பிள்ளை வந்ததற்காகப் பள்ளியை எரித்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான், பிள்ளைகள் குறைவு என்பதற்காகப் பள்ளியை மூடும் இன்றைய பேச்சை நாம் கேட்க வேண்டும்.

1956 நவம்பர் 1இல் குமரி தமிழ்நாட்டோடு இணைந்தது. 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம். இந்தப் பெருமையே இப்போது நமக்கு எதிராகத் திரும்பக்கூடும். எல்லோரும் படித்துவிட்டார்கள், இனிச் சின்னப் பள்ளி எதற்கு என்று கேட்பார்கள். எண்ணிக்கை குறைய உண்மையான காரணங்கள் உண்டு: பிறப்பு குறைந்திருக்கிறது, ஆங்கில வழி மோகம், வீட்டுவாசலுக்கு வரும் வேன், தனியார் பள்ளியில் 25 சதவீத இடத்துக்கு அரசே கட்டும் பணம். போக முடிந்தவர்கள் போன பிறகு மிஞ்சுவது யார்? வேன் கட்டணம் கட்ட முடியாதவர் பிள்ளை, கூலிக்குப் போகும் தாயின் பிள்ளை, தங்கையைக் கையில் பிடித்து நடந்து வரும் பிள்ளை. 2019இல் பிள்ளைகளே இல்லை என்று 46 அரசுப் பள்ளிகளை நூலகமாக மாற்றும் முடிவு தமிழ்நாட்டில் வந்தது. பூஜ்யத்துக்கு முன் பத்து இருந்தது, அதற்கு முன் முப்பது இருந்தது. அந்த ஆண்டுகளில் யாரிடம் கேட்டார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் விதிகளின்படி ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டர் நடைத் தொலைவுக்குள் பள்ளி இருக்க வேண்டும். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்கிறது அட்டவணை. இத்தனை பேருக்குக் கீழே போனால் மூடு என்ற எண் அந்த அட்டவணையில் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதி பெண்கள், நலிந்த பிரிவினருக்கு விகிதப்படி இடம் என்று 21ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அந்தக் குழுவின் வேலை. 1910இல் தலைமையாசிரியர் அறையில் அடைபட்டுக் கிடந்த அதிகாரத்தில் ஒரு பங்கு இன்று சட்டப்படி நம் தாய்மார்களிடம் இருக்கிறது.

2023இல் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரும் அறிவிப்பு வந்தபோது நம்மிடையே இரு கருத்து இருந்தது. பிரித்து வைத்த பள்ளி ஒழியட்டும் என்றோம். நமக்கென்று இருந்த இடமும் நிதியும் கரைந்துவிடும் என்றும் அஞ்சினோம். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இந்த விவாதம் அறிவிப்புக்கு முன்பே அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் நடந்திருக்க வேண்டும்.

ஆகவே, எந்தப் பள்ளியையும் எக்காலத்துக்கும் தொடக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. நல்ல கட்டடமும் போதிய ஆசிரியரும் உள்ள பள்ளிக்கு நம் பிள்ளை போவது நல்லதாகவும் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியது அந்தப் பிள்ளையின் வீடு. கூட்டத்தை வேலை நேரத்தில் வைக்காமல் மாலையில் வையுங்கள். கூலி இழக்காமல் வரட்டும். பதிவேட்டை மட்டும் எண்ணாமல், ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனை சிறுவர்கள் இருக்கிறார்கள், எங்கே படிக்கிறார்கள், ஏன் விலகினார்கள் என்று வீடுவீடாக எழுதுங்கள். மாணவத் தோழர்கள் ஒரு வாரத்தில் முடிக்கக்கூடிய வேலை இது. தீர்மானத்தைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள். மயிலாடியிலிருந்து ஒருவர் தஞ்சாவூர் வரை போய்க் கேட்டு வாங்கியதை, நம்மைக் கேட்காமல் யாரும் கைவிட்டுவிட நாம் இடம் கொடுக்கக் கூடாது.