பெட்டியில் வந்த மோட்டார் வண்டி

நம் தடா காலனிச் சிறுவர் சிலர், பழைய அமெரிக்க மோட்டார் வண்டிகளின் சிற்றுருவ உறுப்புகளைப் பெட்டியாக வாங்கி, ஒட்டி அமைத்து, தம்முள் கைமாற்றி மகிழ்கின்றனர். இதன் வரலாறு அறியத்தக்கது.

1958-இல் அமெரிக்காவின் ஏ.எம்.டி. நிறுவனம், உண்மை வண்டியின் 25-இல் ஒரு பங்கு அளவில் இத்தகைய பெட்டிகளை வெளியிட்டது. ஒரு பெட்டியினின்று மூவகை வண்டிகளுள் விரும்பிய ஒன்றை அமைக்கலாம்.

அதற்கு முன்னரே, உண்மை அமெரிக்க வண்டிகளும் உறுப்புகளாகப் பெட்டிகளில் அடைபட்டு நம் நாட்டிற்கு வந்தன. 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் பம்பாயில் செவர்லே வண்டிகளைப் பூட்டத் தொடங்கிற்று. ஆயின், உறுப்புகளை இங்கேயே செய்யும் திட்டமின்றி வெறுமனே பூட்டுவோர் தொழிலை விடல் வேண்டும் என 1953-இல் அரசு முடிவு செய்தது. மறு ஆண்டே அத்தொழிற்சாலை மூடப்பட்டது.

ஒட்டுதல் முதற்படி; ஆக்குதலே பயன். அமெரிக்காவில் 1930 முதல் 1968 வரை இயங்கிய ஃபிஷர் பாடி கைவினைஞர் கழகத்தின் போட்டிகளில், சிறுவர் பலர் தாமே வடிவம் வகுத்து, கட்டையைச் செதுக்கி, மாதிரி வண்டிகள் செய்து கல்வி உதவித்தொகை பெற்றனர்.

பெற்றோர்களே! பெட்டியோடு ஓர் அரமும் ஒரு மரத்துண்டும் வாங்கித் தாருங்கள். அடுத்த ஆண்டு விழாவில், நம் பிள்ளை ஒருவனேனும் ஒருத்தியேனும் தானே செதுக்கிய வண்டியை மேடைக்குக் கொணர்தல் வேண்டும்.