சோபா, பிப்பா மசோதாக்களும் 2012 இணைய எதிர்ப்பும்

சோபா, பிப்பா என்பவை, இணையத்தில் நடைபெறும் பதிப்புரிமை மீறலைத் தடுப்பதற்காக 2011-ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட இரு மசோதாக்களின் சுருக்கப் பெயர்கள் ஆகும். சோபா கீழவையான பிரதிநிதிகள் அவையிலும், பிப்பா மேலவையான செனட்டிலும் கொண்டுவரப்பட்டன. இரண்டுமே சட்டமாகவில்லை. பிறர் படைப்பைத் திருடுவது தவறு என்பதை ஆதரவாளர், எதிர்ப்பாளர் ஆகிய இரு சாராரும் ஏற்றுக்கொண்டனர். அத்திருட்டைத் தடுக்கும் பொறுப்பு யாருடையது, அதற்காக இணையத்தின் வாசல்களை எந்த அளவுக்கு அடைக்கலாம் என்பதில்தான் அவர்கள் வேறுபட்டனர்.

பின்னணி

இணையம் பரவத் தொடங்கியபோது முதலில் பாதிக்கப்பட்டது இசைத்துறை. 1999-இல் தொடங்கப்பட்ட நாப்ஸ்டர் வழியாக ஏராளமானோர் பாடல்களைக் காசு கொடுக்காமல் பரிமாறிக்கொண்டனர். நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2001-இல் அது மூடப்பட்டது. ஆனால் ஒன்றை மூடினால் மற்றொன்று முளைத்தது.

அதற்கு முன்பே, 1998-இல், டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அதன்படி, ஒரு தளத்தில் பயனர் ஒருவர் பிறருடைய படைப்பை ஏற்றினால், உரிமையாளர் அத்தளத்துக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். தளம் உடனே அதை நீக்கிவிட்டால் இழப்பீடு தர வேண்டியதில்லை. இந்தப் பாதுகாப்பு இருந்ததால்தான் யூடியூப் போன்ற தளங்கள் வளர முடிந்தது. ஆனால், காலையில் நீக்கிய படம் மாலையில் மீண்டும் வந்துவிடுகிறது என்று தயாரிப்பாளர்கள் முறையிட்டனர். வெளிநாடுகளிலிருந்து இயங்கும் திருட்டுத் தளங்களை அமெரிக்க நீதிமன்றங்களால் எளிதில் தொட முடியவில்லை என்பது மற்றொரு குறை.

மசோதாக்கள் கூறியவை

செனட் உறுப்பினர் பேட்ரிக் லேஹி 2010-இல் கொண்டுவந்த முதல் மசோதா, குழுவில் 19 வாக்குகளுடன் எதிர்ப்பின்றி நிறைவேறியது. எனினும் ஆரிகன் மாநில உறுப்பினர் ரான் வைடனின் எதிர்ப்பால் அது முழு அவையின் வாக்கெடுப்புக்கு வரவில்லை. அதைத் திருத்தி 2011 மே மாதத்தில் பிப்பா முன்வைக்கப்பட்டது. டெக்சாஸ் மாநில உறுப்பினர் லமார் ஸ்மித் 2011 அக்டோபர் 26 அன்று சோபாவைக் கொண்டுவந்தார்.

வெளிநாட்டுத் திருட்டுத் தளம் ஒன்றின் மீது அரசின் தலைமை வழக்கறிஞர் நீதிமன்ற உத்தரவு பெற சோபா வழி செய்தது. உத்தரவு கிடைத்தால், இணையச் சேவை நிறுவனங்கள் அத்தளத்தை முடக்க வேண்டும். தேடுபொறிகள் அதைக் காட்டக் கூடாது. பணப் பரிமாற்ற நிறுவனங்களும் விளம்பர நிறுவனங்களும் அதனுடன் தொடர்பை முறித்துக்கொள்ள வேண்டும். அனுமதியற்ற ஒளிபரப்புக்கு 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கவும் அதில் இடம் இருந்தது.

ஆதரவும் எதிர்ப்பும்

திரைப்பட, இசை நிறுவனங்களின் சங்கங்களும் அமெரிக்க வணிக சபையும் பல தொழிற்சங்கங்களும் மசோதாக்களை ஆதரித்தன. ஒரு படத்தை நம்பி நடிகர்கள் மட்டும் வாழ்வதில்லை. தச்சர், தையல்காரர், ஒளியமைப்பாளர் எனப் பலரின் கூலியும் அதிலிருந்தே வருகிறது. திருட்டுத் தளங்களுக்கு வரும் பணத்தை நிறுத்தினால் அவை தாமே ஓய்ந்துவிடும் என்பது அவர்களின் வாதம்.

கூகுள், பேஸ்புக், மொசில்லா, விக்கிமீடியா முதலியவை எதிர்த்தன. 2011 நவம்பர் 16 அன்று கீழவைக் குழு சாட்சியம் கேட்டபோது, அழைக்கப்பட்ட 6 பேரில் கூகுளின் பிரதிநிதி மட்டுமே எதிர்த்துப் பேசினார். இணையத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான வின்ட் செர்ஃப் உள்ளிட்ட 83 பொறியாளர்கள் டிசம்பரில் கூட்டாகக் கடிதம் எழுதினர்.

பொறியாளர்களின் கவலையை ஓர் உவமையால் விளக்கலாம். நாம் தட்டச்சு செய்யும் தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு, ஒரு தொலைபேசிக் கையேடு போன்றது. கையேட்டிலிருந்து ஒருவரின் பெயரை நீக்கினாலும், எண் தெரிந்தவர் அழைக்கத்தான் செய்வார். ஆகவே திருடுவோர் தப்பிவிடுவர். கையேட்டின் நம்பகத்தன்மை மட்டும் கெடும். மேலும், ஒரு தளத்தின் சிறு பகுதியில் நடந்த மீறலுக்காகத் தளம் முழுவதும் முடங்கலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத சிறு நிறுவனங்கள் அதைத் தாங்க முடியாது.

2012 ஜனவரி

ஜனவரி 12, 13 தேதிகளில் லேஹியும் ஸ்மித்தும் தளப் பெயரை முடக்கும் பிரிவைக் கைவிட முன்வந்தனர். கருத்துரிமையைக் குறைக்கும் சட்டத்தை ஆதரிக்க முடியாது என்று 14-ஆம் தேதி வெள்ளை மாளிகை தெரிவித்தது. எதிர்ப்பு அத்துடன் அடங்கவில்லை. 1,800-க்கும் மேற்பட்ட பங்களிப்பாளர்கள் விவாதித்து எடுத்த முடிவின்படி, ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா 24 மணி நேரம் இருட்டடிப்புச் செய்யப்பட்டது. அதன் அறிவிப்புப் பக்கம் 16 கோடிக்கும் அதிகமான முறை பார்க்கப்பட்டது. கூகுளின் மனுவில் சுமார் 70 லட்சம் பேர் கையொப்பமிட்டனர். இப்போராட்டம் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகும் என்று திரைப்பட நிறுவனங்கள் சங்கத்தின் தலைவர் கிறிஸ்டோபர் டாட் சாடினார். எனினும், ஜனவரி 20 அன்று இரு மசோதாக்களும் ஒத்திவைக்கப்பட்டன; பின்னர் அவை எடுத்துக்கொள்ளப்படவே இல்லை.

இதற்கிடையே ஜனவரி 19 அன்று, நடைமுறையில் இருந்த சட்டத்தைக் கொண்டே மெகாஅப்லோடு என்னும் கோப்புத் தளத்தை அமெரிக்க அரசு முடக்கியது. அதன் நிறுவனர் நியூசிலாந்தில் கைது செய்யப்பட்டார். புதிய சட்டம் தேவையில்லை என்பதற்கு எதிர்ப்பாளர்கள் இதையே சான்றாகக் காட்டினர். ஆனால், தம் சொந்தக் கோப்புகளை அங்கே சேமித்திருந்தவர்களும் அவற்றை எடுக்க முடியாமல் தவித்தனர்.

சென்னையில் எழுந்த சிக்கல்

அதே ஆண்டில் தமிழகத்திலும் இத்தகைய சிக்கல் எழுந்தது. '3' என்னும் தமிழ்ப் படத்தையும் 'தம்மு' என்னும் தெலுங்குப் படத்தையும் திருட்டுப் பதிவிலிருந்து காக்க, சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தரவு பெறப்பட்டது. பெயர் தெரியாத மீறுவோருக்கும் பொருந்தும்படி அது அமைந்திருந்தது. அதைக் காரணம் காட்டி, மே மாதத்தில் இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களை முழுமையாக முடக்கின. திருட்டுப் படம் உள்ள குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே முடக்க வேண்டும் என ஜூன் மாதத்தில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

பின்விளைவுகள்

போலிப் பொருள் வணிகத்துக்கும் பதிப்புரிமை மீறலுக்கும் எதிரான பன்னாட்டு ஒப்பந்தமான ஆக்டாவை, 2012 ஜூலை 4 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 478-க்கு 39 என்ற வாக்குகளில் நிராகரித்தது. ஆயினும் 2019-இல் அதே நாடாளுமன்றம், பயனர்கள் ஏற்றும் படைப்புகளுக்குப் பெரிய தளங்களைப் பொறுப்பாக்கும் விதிகளை ஏற்றது. அமெரிக்காவில் 2020-இல் இயற்றப்பட்ட சட்டம், வணிக நோக்கில் திருட்டு ஒளிபரப்பு நடத்தும் சேவைகளை மட்டும் குறிவைத்தது. பார்ப்பவர்களையும் சாதாரணப் பயனர்களையும் விட்டுவிட்டது.

2012-இல் மசோதாக்கள் வீழ்ந்தாலும் படைப்பாளியின் இழப்பு தீர்ந்துவிடவில்லை. எதிர்த்த நிறுவனங்களுக்கும் சொந்த வணிக நலன் இருந்தது என்பதை மறுக்க முடியாது. எனினும், களையைப் பிடுங்கும்போது பயிருக்குச் சேதம் வரக்கூடாது என்னும் எச்சரிக்கையைச் சட்டம் இயற்றுவோருக்கு அந்த விவாதம் உணர்த்தியது. படைப்பவருக்கு உரிய கூலியும், படிப்பவருக்குத் திறந்த வாசலும் ஒருங்கே கிடைக்கச் செய்வது எப்படி என்ற கேள்வி இன்றும் தொடர்கிறது.