தெரிவுப் பட்டியலுக்கு எட்டாத தீவகம்

பலமான அணியில் இடம் கிடைக்காத திறமைசாலிகள் என்றால் இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் ரங்கன ஹேரத்தின் பெயரைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். 1999இல் டெஸ்ட் ஆடத் தொடங்கியவர், முத்தையா முரளிதரன் 800 விக்கெட்டுகளோடு 2010 ஜூலையில் காலியில் விடைபெறும்வரை அணிக்குள் வருவதும் போவதுமாக இருந்தார். அவருடைய 433 விக்கெட்டுகளில் மிகப் பெரும்பகுதி அதன் பின்னரே வந்தது. ஆனால் ஹேரத் வாசலில் நின்று காத்திருந்தவர். யாழ்ப்பாணத் தீவகத்துப் பிள்ளைகளுக்கோ அந்த வாசல்வரை வர வழியே இருக்கவில்லை. இந்த வேறுபாட்டைக் காணாமல் தீவகத்தின் விடுபடலை விளங்கிக்கொள்ள முடியாது என்பது என் துணிபு.

தமிழர் என்பதால் ஒதுக்கப்பட்டனர் என்று ஒரே வரியில் முடிப்போர் உண்டு. சான்றுகள் அதைவிடச் சிக்கலானவை. மகாதேவ சதாசிவம் 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணிக்கு எதிராக இலங்கைக்குத் தலைமை தாங்கினார். 1981இல் டெஸ்ட் தகுதி கிடைத்த சிறிது காலத்திலேயே, 1983இல், வினோதன் ஜோனும் ஸ்ரீதரன் ஜெகநாதனும் டெஸ்ட் ஆடினர். முரளி கண்டிக்காரர். இவர்களையெல்லாம் வளர்த்தவை கொழும்பு, கண்டிக் கல்லூரிகளும் கொழும்புக் கழகங்களுமே. 1899இல் தோன்றிய தமிழ் யூனியன்கூடக் கொழும்புக் கழகந்தான். 1980களின் இறுதியில் கழகங்களை வைத்தே முதல்தரப் போட்டிகள் அமைந்தபோது, கொழும்புக்குப் போகாதவன் கணக்கிலேயே வரவில்லை.

வடக்குக்கு மரபு இல்லாமலில்லை. யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் வடக்கின் பெருஞ்சமர் 1904இல் தொடங்கியது. ஆனால் அது நகரத்து மரபு. தீவகத்துப் பொடியள் ஆடி வளர்ந்தது மென்பந்து. தெரிவாளர் பார்ப்பதோ கடினப்பந்து. கடினப்பந்துக்கு ஆடுகள விரிப்பு, காப்புகள், பயிற்றுநர் எல்லாம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக எதிரணி வேண்டும். நயினாதீவு, நெடுந்தீவு அணிகள் எதிரணியைத் தேடிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகேற வேண்டும். ஊர்காவற்றுறைப் பிள்ளை காரைநகருக்குப் போவதென்றால் 'பாதை' என்னும் மிதவையில் கடல் கடக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் அன்றைய ஆட்டம் இல்லை.

பிறகு போர். 1990 ஓகஸ்டில் படையினர் இறங்கியபோது தீவக மக்கள் பெருந்தொகையாக ஊரைவிட்டுப் போனார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் குடாநாட்டின் வலிகாமமே ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தது. 1996 மார்ச் 17இல் லாகூரில் அர்ஜுன ரணதுங்க உலகக் கிண்ணத்தைத் தூக்கியபோது அந்த மக்களில் பெரும்பாலோர் இன்னும் வீடு திரும்பவில்லை. இலங்கை அணி உலகத்தின் உச்சிக்கு ஏறிய அதே மாதங்களில் வடக்கின் ஒரு தலைமுறை மைதானத்தை இழந்து நின்றது. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதிய துடுப்பாட்ட வரலாறு நமக்குத் தேவை.

போருக்குப் பின் வந்தவர் யாழ் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த். 2020 டிசம்பரில் லங்கா பிரீமியர் லீக்கில் ஜப்னா ஸ்டாலியன்ஸுக்காகப் பந்துவீசத் தொடங்கிய மணிக்கட்டுச் சுழற்பந்து வீச்சாளர். தேசிய அணியில் அதே கலைக்கு வனிந்து ஹசரங்க இருந்தார். வியாஸ்காந்த் 2023இல் தேசிய அணிக்காக ஆடியது ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில். முதன்மை அணி அப்போது உலகக் கிண்ணத்துக்காக இந்தியாவில் இருந்தது. 2024இல் ஐ.பி.எல். அணியான சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அவரை அழைத்ததும் காயமுற்ற ஹசரங்கவுக்குப் பதிலாகத்தான். ஹேரத்தின் காத்திருப்பு அவருக்கும் வாய்த்தது. அதையே ஒரு முன்னேற்றமாகத்தான் நான் எண்ணுகிறேன்: வாசல்வரை ஒருவர் வந்துவிட்டார்.

தீவகத்தைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 1இல் மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். பண்ணைப் பாலத்தைத் தாண்டியதும் வரும் தீவு அது. வேலணைப் பிள்ளைக்குப் பஸ்ஸில் சிறு தூரம். நெடுந்தீவுப் பிள்ளை முதலில் குறிகட்டுவானுக்குப் படகேற வேண்டும், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும், கடைசிப் படகுக்குள் திரும்பியும் விடவேண்டும். அந்தப் பிள்ளைக்குத் தேவை நெடுந்தீவிலேயே ஒரு கடினப்பந்து ஆடுகளமும், அங்கேயே தங்கிப் பயிற்சி கொடுக்க ஒருவரும்.