ஆங்கிலத்தில் பெயராக்கம்

வினைச்சொல்லையோ பெயரடையையோ பெயர்ச்சொல்லாக மாற்றும் சொல்லாக்க முறை பெயராக்கம் எனப்படும். ஆங்கிலத்தில் வினையிலிருந்து பிறக்கும் பெயர்கள் தமிழ் இலக்கணம் கூறும் தொழிற்பெயரையும், பெயரடையிலிருந்து பிறப்பவை பண்புப்பெயரையும் ஏறத்தாழ ஒத்தவை. எந்தச் சொல் எந்த விகுதியை ஏற்கும் என்பதைப் பொருளை மட்டும் கொண்டு கணிக்க இயலாது. அச்சொல்லும் விகுதியும் எங்கிருந்து, எக்காலத்தில் அம்மொழிக்கு வந்தன என்பதே பெரும்பாலும் அதை முடிவுசெய்கிறது.

மிகப் பழைய அடுக்கு ஜெர்மானிய மூலத்தது. 'டார்க்' என்பது 'டார்க்னெஸ்' ஆவதும், 'ரைட்' என்பது 'ரைட்டிங்' ஆவதும் இவ்வகை. 'லாங்', 'ஸ்ட்ராங்' ஆகியவை 'லெங்த்', 'ஸ்ட்ரெங்த்' என உயிரொலி திரிந்து வருவதற்குக் காரணம், 'த்' விகுதியின் தொல்வடிவத்தில் இருந்த இகரம் தனக்கு முன்னிருந்த உயிரைத் தன்பால் இழுத்ததேயாகும். இகரம் மறைந்தபின்னும் திரிபு நிலைத்துவிட்டது. இவ்விகுதி இன்று புதுச்சொற்களைத் தருவதில்லை.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் பிரெஞ்சு அரசவைக்கும் வழக்குமன்றத்துக்கும் உரிய மொழியானதால், 'மென்ட்', 'ஏஜ்', 'ஷன்', 'இட்டி' முதலிய விகுதிகள் கடன்சொற்களோடு ஒட்டிக்கொண்டு நுழைந்து, பின்னர் 'ஃபுல்ஃபில்மென்ட்' என்பதில் போல ஆங்கிலத்தின் சொந்த வினைகளிலும் ஏறின. 'எம்ப்ளாயர்', 'எம்ப்ளாயீ' என்னும் இணையில் செய்பவரையும் செயலுக்கு உட்படுபவரையும் பிரித்துக்காட்டும் 'ஈ' விகுதி சட்டப் பிரெஞ்சின் எச்சமாகும். ஆனால் தப்பியோடியவரே 'எஸ்கேப்பீ' எனப்படுவதால் அந்தப் பாகுபாடு எல்லா இடத்திலும் செல்லாது.

இவ்விரு அடுக்குகளின் வேறுபாடு ஒலிப்பில் நன்கு புலப்படும். 'கியூரியஸ்' என்பதன் முதல் அசையில் விழும் அழுத்தம் 'கியூரியாசிட்டி'யில் மூன்றாம் அசைக்கு நகர்கிறது. 'எலெக்ட்ரிக்' என்பதன் ககர ஒலி 'எலெக்ட்ரிசிட்டி'யில் சகரமாகிறது. 'நெஸ்' விகுதியோ அடிச்சொல்லை மாற்றாததால், ஏறக்குறைய எந்தப் பெயரடையோடும் தயக்கமின்றிச் சேர்கிறது. 'குளோரியஸ்' என்பதற்கு 'குளோரி' என்ற பெயர் முன்னரே இருப்பதால் 'குளோரியாசிட்டி' தோன்றவில்லை, 'குளோரியஸ்னெஸ்' தடைபடவில்லை. முன்னிருக்கும் சொல் புதியதன் வழியை மறிக்கும் இதனை மார்க் ஆரொனாஃப் 1976இல் 'தடுப்பு' என்னும் கருத்தால் விளக்கினார்.

விகுதியே இன்றி வினை பெயராவதும் உண்டு. 'வாக்' இருநிலையிலும் மாறாது. 'ரெக்கார்டு' பெயராகும்போது முதல் அசையிலும் வினையாகும்போது இறுதி அசையிலும் அழுத்தம் பெறும்.

நோம் சாம்ஸ்கி 1970இல் வெளியிட்ட ஆய்வில் 'டிஸ்ட்ராயிங்', 'டிஸ்ட்ரக்ஷன்' ஆகியவை ஒரே முறையில் விளைந்தவை அல்ல என வாதிட்டார். முன்னது வினையின் இயல்பைக் காத்துச் செயப்படுபொருளை நேரே ஏற்பதுடன், இத்தகைய 'இங்' வடிவம் பெரும்பாலான வினைகளுக்கும் அமைகிறது. பின்னதற்கோ 'ஆஃப்' என்னும் இடைச்சொல் தேவை, வடிவமும் பொருளும் சொல்லுக்குச் சொல் வேறுபடுவதால் அதை அகராதியில் தனியே பதிவதே முறை என்றார்.

எம். ஏ. கே. ஹாலிடே பெயராக்கத்தை இலக்கண உருவகம் என்று அழைத்து, அறிவியல் ஆங்கிலத்தின் வளர்ச்சியோடு இணைத்தார். ஒரு முழு நிகழ்வைப் பெயராகச் சுருக்கி அடுத்த வாக்கியத்தின் எழுவாயாக்க முடிவதால் வாதம் தொடர்கிறது; அதே சுருக்கத்தில் செயலைச் செய்தவர் மறைந்துபோக இடமுண்டு என்பதால், அலுவலக ஆங்கிலத்துக்கு இவ்வடிவங்கள் பெரிதும் உகந்தவையாயின.