இதற்கு முன் விண்ணப்பித்ததுண்டா?

போன ஞாயித்துக்கிழமை கனடா பிஆர் ஃபாரத்தோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன். ஷெட்யூல் ஏ-ல ஒரு கேள்வி: கனடாவோ வேற எந்த நாடோ உங்களுக்கு எப்பவாவது விசா மறுத்திருக்கா? எனக்கு 2021-ல வேற ஒரு நாட்டு ஸ்டூடண்ட் விசா கிடைக்கலை. "அதெல்லாம் பழசு தம்பி, இல்லைன்னு டிக் பண்ணிடுங்க"ன்னார் ஒரு ஏஜெண்ட். (பேர் வேணாம், நல்லா இருக்கட்டும் :-))

குன்றாண்டார்கோவிலுக்குப் போன் போட்டப்ப பெரியப்பாகிட்ட இதைச் சொன்னேன். "இந்தக் கேள்வி நம்ம குடும்பத்துக்குப் புதுசில்லடா"ன்னு ஆரம்பிச்சார்.

எங்க ஊர் வரலாறுன்னா குடைவரைக் கோயிலையும், சக்கரமும் குதிரையும் செதுக்கின தேர் மண்டபத்தையும்தான் எல்லாரும் எழுதுவாங்க. இன்னொரு வரலாறு தகரப் பெட்டிக்குள்ள கிடக்கு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் காகிதங்கள். பெரிய தாத்தா (எங்க தாத்தாவோட அண்ணன்) கப்பலேறினப்ப இது புதுக்கோட்டை சமஸ்தானம். இந்தியாவோட சேர்ந்ததே 1948 மார்ச்சில்தான்.

அதே 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை வெளியே தள்ளியது. 1949-ல் இன்னொரு சட்டம்: இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் 1951 ஆகஸ்ட் 5-க்குள் மனு போடலாம். 1946-க்கு முன்னாடி, கல்யாணம் ஆனவர்னா 7 வருஷம், ஆகாதவர்னா 10 வருஷம் தொடர்ந்து அங்கேயே வசித்திருக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே போயிருக்கக் கூடாது. சுமார் 8.25 லட்சம் பேருக்காக மனுக்கள் போனதில், கிடைத்தது ஏறக்குறைய 1.34 லட்சம் பேருக்கு மட்டும்.

பெரிய தாத்தாவுக்குக் கிடைக்கலை. 1943-ல அம்மா சாகக் கிடந்தாங்கன்னு ஊருக்கு வந்தவர் 14 மாசம் தங்கிட்டாராம். ரெண்டு மாசம்தான் இடிச்சுது.

1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்ற 9.75 லட்சம் பேரில் இந்தியாவுக்கு 5.25 லட்சம், இலங்கைக்கு 3 லட்சம். மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974-ல் ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கிட்டாங்க. பண்டிகைக்கு வாழைத்தார் பங்கு போட்ட மாதிரி! ஒரு தடவை மறுத்த நாட்டை இன்னொரு தடவை கேக்கறதான்னு பெரிய தாத்தா இந்தியாவுக்கு மனு போட்டார். 1972-ல் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் கப்பல், மண்டபம் முகாம், அப்புறம் ஊர்.

அவர் தங்கச்சி, எங்க அத்தைப் பாட்டி, அங்கேயே நின்னுட்டாங்க. காகிதத்தைக் கண்டாலே பயம். எந்த நாட்டுக்கும் மனுவே போடலை. பக்கத்து லயத்தில் இருந்த குடும்பம் இந்தியாவுக்கு மனு போட்டது, ஆனா கிளம்பறதுக்குள்ள 1984-ல் கப்பல் நின்னுபோச்சு.

இங்கதான் விஷயம். 1988-ல் இலங்கை ஒரு சட்டம் போட்டது: இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காத வம்சாவளியினர் இலங்கைப் பிரஜைகள். விண்ணப்பித்திருந்த 5.06 லட்சம் பேருக்கு அது பொருந்தாது. சும்மா இருந்த அத்தைப் பாட்டி பிரஜை ஆனாங்க. ஒழுங்கா ஃபாரம் நிரப்பின பக்கத்து லயத்துக்காரங்க 2003 சட்டம் வர்ற வரைக்கும் அந்தரத்துல. இதை நினைச்சா எனக்கு இப்பவும் கோவம் வருது. "முன்னாடி மனு போட்டியா?"ங்கறதே குற்றப்பத்திரிகை ஆயிடுச்சு.

என் கேஸ் அவ்ளோ மோசமில்லை. மறுக்கப்பட்டதுங்கறதுக்காக மட்டும் கனடா கதவைச் சாத்தாது. மறைச்சு மாட்டினாத்தான் அந்த நாட்டுச் சட்டத்தின் 40-வது பிரிவுப்படி 5 வருஷம் தடை. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோட கைரேகைத் தகவலையும் பகிர்ந்துக்கறாங்க. ஏஜெண்ட் அதைச் சொல்லலை.

'ஆம்'னு டிக் பண்ணி, 2021 கடிதத்தையும் ஸ்கேன் பண்ணிச் சேர்த்துட்டேன். ராத்திரி பெரியப்பா பெரிய தாத்தாவோட மறுப்புக் கடிதத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினார். ஓரமெல்லாம் செல்லரிச்சிருக்கு. ஃபைல் நம்பர் மட்டும் பளிச்சுன்னு இருக்கு.