குடும்ப வன்முறையிலிருந்து குழந்தைகள் பாதுகாப்பு

குடும்ப வன்முறையிலிருந்து குழந்தைகள் பாதுகாப்பு என்பது வீட்டினுள் உடல், மன, பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாகும் 18 வயது நிரம்பாதோரையும், அத்தகைய வன்முறையைக் கண்டு வளர்வோரையும் காக்கும் சட்ட, சமூக நடவடிக்கைகளைக் குறிக்கும். இந்தியாவில் இதற்கு இரு சட்டங்கள் முதன்மையானவை. ஒன்று தாயின் வழியாகவும், மற்றொன்று நேரடியாகவும் குழந்தைக்குப் பாதுகாப்பு அளிக்கின்றது.

பாதிப்புகள்

தான் அடிபடாவிடினும், தாய் தாக்கப்படுவதைக் காணும் குழந்தையும் பாதிக்கப்படுகின்றது. உறக்கமின்மை, அச்சம், படுக்கையில் சிறுநீர் கழித்தல், படிப்பில் பின்னடைவு, பிறரைத் தாக்கும் இயல்பு ஆகியன இதனால் ஏற்படலாம். இவை வேறு காரணங்களாலும் தோன்றக்கூடும் என்பதால், ஆசிரியர்கள் இவற்றைக் குறும்பு எனக் கொள்ளாமல் கனிவுடன் விசாரித்தல் நன்று.

தாய் வழியான பாதுகாப்பு

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 என்பது 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. பாதிக்கப்பட்ட பெண்ணோ, அவர் சார்பில் பாதுகாப்பு அலுவலரோ பிறரோ நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். நடுவர் பிறப்பிக்கக்கூடிய ஆணைகளுள் சில:

* பாதிக்கப்பட்டவர் சிறுமியாயின், அவரது பள்ளிக்குள் வன்முறையாளர் நுழையத் தடை (பிரிவு 18)
* வன்முறை செய்த ஆணை வீட்டை விட்டு வெளியேறச் செய்தல் (பிரிவு 19)
* குழந்தைகளுக்கும் சேர்த்துப் பராமரிப்புத் தொகை (பிரிவு 20)
* குழந்தையைத் தற்காலிகமாகத் தாயின் பொறுப்பில் விடுதல். தீங்கு நேரும் எனக் கருதினால் எதிர்த்தரப்பினர் குழந்தையைச் சந்திக்க மறுத்தல் (பிரிவு 21)

இதனால் குழந்தை தன் வீட்டையும் பள்ளியையும் இழக்காமலேயே பாதுகாப்புப் பெற இயலும். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

நேரடிப் பாதுகாப்பு

தாய் இல்லாத நிலையிலும், தாயே துன்புறுத்தும் நிலையிலும் இளைஞர் நீதிச் சட்டம், 2015 உதவுகின்றது. மீட்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்துதல் வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இக்குழு, குழந்தையைக் கண்காணிப்புடன் பெற்றோரிடமோ, உறவினரிடமோ, வளர்ப்புக் குடும்பத்திடமோ ஒப்படைக்கலாம். இல்லத்தில் சேர்ப்பது இறுதி வழியாகவே இருத்தல் வேண்டும் என்பது இச்சட்டத்தின் கோட்பாடு.

மேற்குச் சென்னைப் புறநகர்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்றும் 2022 சனவரி 1 முதல் செயற்படும் ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின் எல்லையில் உள்ளன. ஆனால் அம்பத்தூர் வட்டம் 2018 இல் சென்னை மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. குழந்தைகள் நலக் குழுவும் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் மாவட்ட அடிப்படையில் இயங்குவதால், ஒரே ஆணையரகத்தின் காவலர்கள் மீட்கும் குழந்தைகள் வெவ்வேறு மாவட்டக் குழுக்களின் பொறுப்பில் வருகின்றனர்.

தகவல் தெரிவித்தல்

எல்லை எதுவெனத் தெரியாதோரும் 1098 என்ற கட்டணமற்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். 1996 இல் மும்பையில் தொடங்கிய இச்சேவை, 2023 இல் அரசின் பொறுப்பிற்கு மாற்றப்பட்டு 112 அவசர எண்ணுடன் இணைக்கப்பட்டது. குழந்தையோ, அண்டை வீட்டாரோ, ஆசிரியரோ அழைக்கலாம். 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4 ஆம் பிரிவின்படி, வன்முறை குறித்துப் பாதுகாப்பு அலுவலரிடம் நல்லெண்ணத்துடன் தகவல் தருபவர் மீது வழக்குத் தொடர இயலாது. பாலியல் வன்முறையாயின், தகவல் தெரிவிப்பது போக்சோ சட்டம், 2012 இன்படி கட்டாயமாகும்.

இவற்றையும் பார்க்க

* குழந்தை உரிமைகள்
* போக்சோ சட்டம்
* அனைத்து மகளிர் காவல் நிலையம்