கே.எஸ். கிருஷ்ணனும் பென்சில் கரியும்

அருப்புக்கோட்டை தறி ஊர். துணியை பாவு வாக்கில் இழுத்தால் அவ்வளவாக நீளாது, மூலைக்கு மூலை இழுத்தால் நீளும். எந்தத் தையல்காரருக்கும் தெரிந்த விஷயம். ஒரே பொருள்தான், திசை மாறினால் குணம் மாறுது. படிகங்களில் இதே கேள்வியைப் பல வருஷம் துரத்தியவர் நம்ம விருதுநகர் மாவட்டத்துக்காரர், வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன்.

அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் 1928லேயே நின்றுவிடும். ராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறலைக் கண்டவர், நோபலில் அவருக்கும் பங்கு உண்டா இல்லையா என்று. எனக்கு அதற்கப்புறம் அவர் செய்ததுதான் பெரிசாகப் படுது.

பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட், கார்பன் தாள்களின் அடுக்கு. தாளுக்குள் பிணைப்பு பலம், தாளுக்கும் தாளுக்கும் நடுவே பலவீனம். கிருஷ்ணன் படிகத்தை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது எப்படித் திரும்புகிறது என்று அளந்தார். கிராஃபைட்டின் காந்தத் திசைச்சார்பு பற்றிய அவர் குறிப்பு 1934இல் நேச்சர் இதழில் வந்தது. 1939இல் கங்குலியோடு சேர்ந்து, தாள் வாக்கில் மின்சாரம் எளிதாக ஓடுவதையும் குறுக்கே ஓடத் திணறுவதையும் காட்டினார். ஒற்றைத் தாளைப் பிரித்து ஆராய கெய்மும் நோவோசெலோவும் ஒட்டுநாடாவோடு 2004இல்தான் வந்தார்கள். கிருஷ்ணன் அடுக்கைப் பிரிக்காமலே, திருப்பித் திருப்பிப் படித்தார்.

இன்று அதே வேலையை லேசர் செய்கிறது. சில படிகங்களில் வலுவான ஒளி புகுந்தால் அலைநீளம் பாதியான ஒளியும் வெளியே வரும். பச்சை லேசர் பேனாவுக்குள் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு 532 ஆவது இப்படித்தான். ஆனால் நடுப்புள்ளி வழியாக எதிர்ப்பக்கம் புரட்டினாலும் மாறாத அமைப்பாக இருந்தால் இது நடக்காது. அதனால் ஒற்றைக் கார்பன் தாளுக்கு இங்கே வேலையில்லை. மாலிப்டினம் டைசல்பைடின் ஒற்றைத் தாளுக்கு உண்டு. 2013இல் பல குழுக்கள் அதை அளந்து காட்டின.

சுவாரஸ்யம் அடுக்கும்போதுதான். தேர் வடத்தை இரண்டு பேர் ஒரே பக்கம் இழுத்தால் பலம் கூடும், எதிரெதிரே இழுத்தால் தேர் நகராது. அந்தத் தாது இயற்கையில் பெரும்பாலும் கிடைக்கிற வடிவத்தில் அடுத்தடுத்த தாள்கள் எதிரெதிர் திசையில் கிடக்கின்றன. அதில் இரண்டு தாளை உரித்தால் புது ஒளி ஏறக்குறைய அணைந்துவிடும். ஒரே திசையில் வைத்தால் ஒற்றைத் தாளைப்போல நான்கு மடங்கு. கொஞ்சம் திருகி வைத்தால் இரண்டுக்கும் நடுவே. ஆக, ஒளியை அளந்தே திருகலின் கோணத்தைச் சொல்லிவிடலாம். காந்தத்துக்குப் பதில் ஒளி, அவ்வளவுதான் வித்தியாசம்.

கிருஷ்ணன் 1961 ஜூனில் காலமானார். ரூபி லேசரின் சிவப்பொளியை குவார்ட்ஸில் செலுத்தி, பாதி அலைநீள ஒளியை முதன்முதலில் கண்ட ஃபிராங்கென் குழுவின் கட்டுரை அதே வருஷம் ஆகஸ்டில் வெளியானது. இரண்டே மாதம்.

அடுத்த தடவை ஊரில் யாராவது அவர் பேச்சை எடுத்தால், நோபல் கணக்கை விட்டுட்டு இந்த பென்சில் கரிக் கதையைச் சொல்லுங்க.